ஊருக்கு ஒரு பெரிய ஏரி

சத்யநாராயணன் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து, தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள மண்ணெல்லாம் அவர் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. நாவலூரில் பதினேழாவது மாடியில் குடியிருப்பவர். ஓய்வுபெற்ற ஜெனரல் மேனேஜர். எதற்கு ஜெனரல் மேனேஜர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்கிற பயம்தான். "நான் பெர்த்ல இருந்தப்போ" என்று அவர் ஆரம்பித்தால், செம்பாக்கத்தில் இருக்கும் தம்பி கிட்டுவின் மனைவி கனகவல்லி அடுப்படிக்குள் போய், "லோயர் பெர்த்தா, சைடு அப்பரா?" என்று குக்கரிடம் கேட்பாள்.

இந்த முறை மட்டும் அவளும் உட்கார்ந்து கேட்டாள். விஷயம் ஸஹானாவைப் பற்றியது.

ஸஹானா கிட்டுவின் ஒரே பெண். வயது முப்பத்தொன்று. நல்ல வேலை, நல்ல சம்பளம், யாரைப் பார்த்தாலும் இரண்டு நிமிடத்தில் எடைபோட்டுவிடுகிற கண். இதுவரை பத்துப் பேர் வந்து போயாயிற்று. பத்தாவது ஆள் எட்டு பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "எண்ணெய் கொஞ்சம் ஜாஸ்தி" என்று அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போன அன்று அவள் அப்பாவின் முன்னால் கையை நீட்டினாள்.

"சத்தியம் பண்ணு. இன்னும் ஒரே ஒருத்தன். பார்க்கறேன், பேசறேன். அதோட சரி. அதுக்கப்புறம் இந்த வீட்ல கல்யாணம்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

கிட்டு கையில் அடித்துக் கொடுத்துவிட்டார். பெட்டியில் மிச்சமிருப்பது ஒரே ஒரு தீக்குச்சி, வெளியே காற்றோ பலமாக அடிக்கிறது என்றால் மனுஷன் எப்படி நிற்பான், அப்படி நின்றுகொண்டிருந்தார் மூன்று மாதமாக.

அந்த ஒரே ஒருவனைத்தான் அண்ணா கொண்டுவந்திருந்தார். பையன் பெயர் ஷ்யாம்சுந்தர். பெர்த்தில் மகனுக்குச் சிநேகிதன். மூன்று வார லீவில் வந்திருக்கிறான். போட்டோ ஒன்றைக் காட்டினார். பெரிய சிவப்புப் பாறை ஒன்று, அதன் அடிவாரத்தில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, எள்ளளவு முகம். பாறைக்கு ஜாதகம் பார்த்திருந்தால் பொருத்தம் இன்னும் துல்லியமாக வந்திருக்கும்.

"பெண் பார்க்கறதுங்கற வார்த்தையே கூடாது கிட்டு. பையனுக்கு அது அலர்ஜி. அவன் லீவு விட்டா அவுட்பேக்ல ரோடு ட்ரிப் போறவன். அதனால ரெண்டு குடும்பமும் தனித்தனியா ரோடு ட்ரிப் கிளம்பறோம். தற்செயலா ஒரு ஏரிக்கரையில சந்திக்கறோம். ரிலாக்ஸ்டா. நான் அவங்க கார்ல வரேன். எல்லாம் இதுல இருக்கு" என்று அண்ணா பதினான்கு பக்க பிடிஎஃப் ஒன்றை அச்சடித்தே கொண்டுவந்து நீட்டினார். மேலே 'சென்னை அவுட்பேக்: நிதானமான ஒரு நாள்' என்று தலைப்பு. கீழே மணிவாரியாக நிதானம்.

"அவுட்பேக்னா என்னண்ணா? ஊருக்கு வெளில, யாருக்கும் பட்டா இல்லாத இடமா?"

"ஏறக்குறைய."

"அப்போ புறம்போக்குன்னு சொல்லுங்கோ."

அண்ணா தம்பியைப் பார்த்த பார்வையில் ஐம்பத்தெட்டு வருஷத்து வருத்தம் இருந்தது.

பிடிஎஃபின் விதிகள் இவை. பட்டுப்புடவை கூடாது. பெயர், சம்பளம், நட்சத்திரம் எதையும் கேட்கக் கூடாது. நெற்றியில் பெரிதாக எதுவும் வேண்டாம். அவுட்பேக்கில் சிக்னல் கிடையாது என்பதால் எல்லோரும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட வேண்டும். சந்தித்ததும் பெண்ணின் தகப்பனார் சொல்ல வேண்டிய வசனம் மேற்கோள் குறிக்குள் கொடுக்கப்பட்டிருந்தது: 'அட! நீங்களும் ஏரி பார்க்க வந்தீங்களா? என்ன ஒரு ஆச்சரியம்!'

சந்திக்கும் இடம்: பெரிய ஏரி, நார்த் பேங்க். பத்தரை மணி.

இரண்டாவது சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கிட்டுவின் பழைய மாருதி கிளம்பியது. அவுட்பேக் அகரம்தென்னைத் தாண்டியதும் ஆரம்பித்தது. ஒரு பக்கம் 'ஃபேஸ் டூ விற்பனையில்' என்ற பலகையோடு காலி மனைகள். மறு பக்கம் எருமைகள், ஃபேஸ் ஒன்றையே இன்னும் காலி செய்யாமல். கிட்டு வசனத்தை வாய்க்குள் உருப்போட்டுக்கொண்டே ஓட்டினார். 'ஒரு ஆச்சரியமா, ஓர் ஆச்சரியமா' என்று நடுவில் வேறு குழப்பம்.

"இது என்னடி, நார்த் பேங்க்? இந்தியன் பேங்க் தெரியும், இது புதுசா இருக்கே" என்றாள் கனகவல்லி.

"வடகரைம்மா" என்றாள் ஸஹானா பின் சீட்டிலிருந்து.

முதலில் ஒரு ஏரி வந்தது. பெரியதாகத்தான் இருந்தது. வடக்குப் பக்கம் சுற்றிப் போனால் கோழிக் கழிவுக் குவியலும், அதன்மேல் நிதானமான ஒரு நாளை அனுபவித்துக்கொண்டிருந்த நாய்களும்தான் இருந்தன. கால் மணி நேரம் மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். பக்கத்து டீக்கடையில் விசாரித்தால், "இது சித்தேரி சார். பெரிய ஏரி அந்தாண்ட" என்றார்கள். அந்தாண்ட போனால் இன்னொரு ஏரி. அங்கே ஒருவரும் இல்லை. கரையில் ஆட்டோவை நிறுத்திவிட்டுத் தலைக்குத் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் கிட்டு போனார்.

"பெரிய ஏரி இதுதானேப்பா?"

"எந்த ஊரு பெரிய ஏரி சார்?"

"ஊர் பேர் போடலை. பெரிய ஏரி, அவ்ளோதான்."

"இன்னா சார் நீ, பேஜார் பண்றே! இங்க ஊருக்கு ஒரு பெரிய ஏரி கீது. மாடம்பாக்கத்துக்கு ஒண்ணு, வேங்கடமங்கலத்துக்கு ஒண்ணு, அப்பால பொன்மார். எவனாவது தன் ஊரு ஏரியை சின்னதுன்னு சொல்லுவானா?"

கிட்டு பிடிஎஃபைப் புரட்டி ஊர்ப் பெயரைத் தேடினார். பதினான்கு பக்கத்திலும் இல்லை.

"மேப்பைப் போடுங்களேன்னா" என்றாள் கனகவல்லி.

"போன் கூடாதுன்னு அண்ணா போட்டிருக்காரே."

"அண்ணா கிணத்துல குதின்னு போட்டிருந்தா?"

"மணி போட்டிருப்பார். பதினொண்ணேகாலுக்குக் குதி, ரிலாக்ஸ்டா" என்றாள் ஸஹானா.

கிட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். பத்தரை ஆகிவிட்டது. பையன் பார்த்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டால்? ஒரே தீக்குச்சி. ஆட்டோக்காரர் கை காட்டிய திக்கில் வண்டியை விட்டார். கனகவல்லி முகத்தைத் துடைத்த துண்டிலேயே, அண்ணாவின் விதிப்படி வைத்துக்கொண்ட கடுகளவு ஸ்டிக்கர் பொட்டும் ஒட்டிக்கொண்டு போயிற்று. யாரும் கவனிக்கவில்லை.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மூன்றாவது பெரிய ஏரியின் வடகரையில், புங்கமரத்தடியில், ஒரு கார் நின்றது. பக்கத்தில் பாய் விரித்து ஒரு பெரியவர், ஒரு அம்மாள். குனிந்து டயரைக் கழற்றிக்கொண்டு ஒரு பையன். உயரமாக இருந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். தலையில் தொப்பி.

கிட்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன ஏற்பாடு! தற்செயலாகச் சந்திக்க வேண்டும் என்பதற்காக டயரையே கழற்றி வைத்திருக்கிறார்களே! அண்ணாவைக் காணோம். இதுகூட நாசூக்குதான், நடுவில் நிற்க வேண்டாமென்று ஏதாவது மரத்துக்குப் பின்னால் இருப்பார். கிட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஏரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்:

"அட! நீங்களும் ஏரி பார்க்க வந்தீங்களா? என்ன ஒரு ஆச்சரியம்!"

பெரியவர் கழற்றிக் கிடந்த டயரைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். கிட்டுவைப் பார்த்தார்.

"ஆமா சார். எங்களுக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு. ஸ்டெப்னிலயும் காத்து இல்ல."

எவ்வளவு இயல்பான நடிப்பு என்று கிட்டு அசந்துபோனார். "பரவாயில்ல, பரவாயில்ல. அவுட்பேக்னா இதெல்லாம் இருக்கணும்" என்று கண்ணைச் சிமிட்டினார். பெரியவர் பதிலுக்குச் சிமிட்டவில்லை. கண்ணில் தூசியா என்று கேட்டார்.

அம்மாள் பாயில் இடம் ஒதுக்கி, "வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க. மெக்கானிக் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம். எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்புனோம், இப்படி ஆயிட்டு" என்று டப்பாவைத் திறந்தார். திறப்பதற்கு முன் கண்ணை மூடி, கையைக் கோத்து, மெதுவாக, "ஸ்தோத்திரம்" என்றார்.

கனகவல்லி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கல்யாணச் சத்திரமே தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஒரு தின்பண்டத்தைத் தொடுவதற்குமுன் ஸ்தோத்திரம்! இந்தக் காலத்தில் எந்த வீட்டில்?

"நாங்களும் தினம் ஸ்தோத்திரம் சொல்லாம அடுப்பு மூட்டறதில்ல" என்றாள் கனகவல்லி. பாதி உண்மை. பாதியைச் சொல்வது மொபைல்.

அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! நம்ம ஆளுங்கதானா! எந்த சபைம்மா?"

"முன்னாடியெல்லாம் நங்கநல்லூர். இப்போ தாம்பரத்துலயே ஒண்ணு வந்துடுத்து, நடக்கிற தூரம். டிசம்பர் வந்தா ஒரு நாள் விடமாட்டோம்."

"டிசம்பர்ல கேக்கணுமா! பாட்டும் அதுவுமா. எங்க பையன் நல்லா பாடுவான். மேடையில அவன்தான் முன் வரிசை."

கனகவல்லி நெருங்கி உட்கார்ந்தாள். "பாட்டு வேற உண்டா! யார்கிட்ட கத்துண்டான்?"

"கத்துக்க என்ன, சின்ன வயசுலேர்ந்து வாராவாரம் பாடுறதுதான்."

வாராவாரம் கச்சேரி! கனகவல்லி ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டுக்கொண்டாள். பஞ்சுபோல இருந்தது. ஆஸ்திரேலியாக் கைப்பக்குவம்.

ஸஹானா அதற்குள் டயர் பக்கம் போயிருந்தாள். கிட்டு ஓரக்கண்ணால் பார்த்தார். முதல் இரண்டு நிமிடம்தான் முக்கியம், அதற்குள் எடைபோட்டுவிடுவாள். பையன் எதையோ சொன்னான். அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து அவனைப் பார்த்தாள். கிட்டுவின் பத்து முறை அனுபவப்படி அது சாதகமும் இல்லை, பாதகமும் இல்லை. பிறகு அவள் எதையோ கேட்டாள். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பதில் சொன்னான். அவள் பெற்றோர்கள் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

சாதாரணச் சிரிப்பில்லை. காரின் பேனட்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கிட்டு கேட்டு நாலைந்து வருஷம் இருக்கும். கொக்குகள் இரண்டு எழுந்து பறந்தன.

பெரியவர் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம். பேச்சுக்குப் பேச்சு நெம்புகோல் தத்துவம் சொன்னார். பையனுக்கு என்ன வேலை என்று கேட்கக் கூடாது என்பதால் கிட்டு கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: "திருமுடிவாக்கத்துல சொந்தமா யூனிட் வச்சிருக்கான். பம்ப்புக்கு பார்ட்ஸ். பத்துப் பேர் வேலை செய்றாங்க."

பெர்த்தில் வேலை, திருமுடிவாக்கத்தில் யூனிட்! அண்ணா இதைச் சொல்லவேயில்லையே. எவ்வளவு அடக்கமான குடும்பம். "அங்கேயும் இங்கேயும் எப்படி சமாளிக்கறார்?" என்றார் கிட்டு.

"பைக்லதான்" என்றார் பெரியவர்.

கிட்டு ஒரு கணம் குழம்பினார். பெர்த்திலிருந்து பைக்கிலா? பிறகு, இது ஆஸ்திரேலிய நகைச்சுவையாக இருக்கும் என்று தீர்மானித்து, தொடையைத் தட்டிச் சிரித்தார். பெரியவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஸஹானாவும் பையனும் கரையோடு நடந்து மதகு வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். ஒரு மணி நேரம். வந்து போன பத்துப் பேரோடும் சேர்த்துக் கூட்டினாலும் அவள் அவ்வளவு நேரம் பேசியதில்லை. மெக்கானிக் பைக்கில் வந்து இறங்கியபோது கிட்டுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விதியை மீறினாலும் பரவாயில்லை, அண்ணாவுக்கு ஒரு நல்ல வார்த்தை அனுப்பிவிடலாம் என்று மரத்துக்குப் பின்னால் போய்ப் போனை உயிர்ப்பித்தார். 'திவ்யமா போயிண்டிருக்கு. நமஸ்காரம்' என்று அடித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது.

"டேய் கிட்டு! எங்கடா இருக்கே? விதியை மீறி இருபது தரம் போன் பண்ணியாச்சு!"

"ஏரிக்கரையிலதாண்ணா. வடகரை. அவங்ககூடத்தான் இருக்கோம்."

"யார்கூட?"

"பையன், அப்பா, அம்மா எல்லார்கூடவும்தான். ரொம்ப நல்ல மனுஷா. நீங்க எந்த மரத்துக்குப் பின்னாடி இருக்கேள்?"

அண்ணா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கிட்டு, நான் பெரிய ஏரி வடகரையில இருக்கேன். பையன், அப்பா, அம்மா மூணு பேரும் என் பக்கத்துல உட்கார்ந்திருக்கா. பையன் ரிலாக்ஸ் பண்ணிப் பண்ணித் தூங்கியே போயிட்டான். நீ யார்கூட இருக்கே?"

நல்ல கேள்வி. கிட்டு மரத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். கனகவல்லி அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் மெக்கானிக்குக்கு நெம்புகோல் விளக்கிக்கொண்டிருந்தார். இவர்கள் யார்? ஸ்தோத்திரம் சொன்னார்களே. சபைக்குப் போகிறார்களே. டிசம்பர்... கிட்டுவின் மூளையில் டிசம்பர் மெதுவாக, ஒவ்வொரு நட்சத்திர விளக்காக எரிய ஆரம்பித்தது.

"அண்ணா, ஒரு நிமிஷம். லைன்ல இருங்கோ."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸஹானாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, ஒரு சின்ன... இவர் ஷ்யாம்சுந்தர் இல்ல. அவன் வேற ஏரியில தூங்கிண்டிருக்கான்."

"தெரியும். டெனிஸ். அப்பா பேர் ஞானையா. அம்மா புஷ்பம். பெருங்களத்தூர்."

"எப்போ தெரியும்?"

"வந்து அஞ்சு நிமிஷத்துல. பேரு கேட்டேன்."

"கேட்கக் கூடாதுன்னு போட்டிருந்ததே!"

"அது பொண்ணோட தகப்பனாருக்குப் போட்டிருக்கற விதிப்பா. ஏழாம் பக்கம். எனக்குன்னு எந்த விதியும் போடலை. நான் வரப்போறேன்கறதே பெரியப்பாவுக்கு ஞாபகம் இல்ல போலிருக்கு."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

ஸஹானா காலால் ஒரு கூழாங்கல்லை உருட்டினாள். "அவர்கிட்ட சொன்னேன். நீ டயரைப் பார்த்து ஏரி பார்க்க வந்தீங்களான்னு கேட்டது ஏன்னு. அந்த மனுஷன் சிரிச்சு உருண்டுட்டார். அப்புறம் என்னமோ பேச்சு வந்துது. அவருக்கும் இதுவரைக்கும் ஒம்பது ஆயிருக்காம். கேக் சரியில்லன்னு ஒருத்தி சொல்லிட்டுப் போனாளாம்."

"அது சரிம்மா, ஆனா இவங்க..."

"நான் யாரையும் கல்யாணம் பண்ணிக்கறேன்னு சொல்லலப்பா. குழப்பிக்காதே. நீ அடிச்சுக் கொடுத்த சத்தியம் என்ன? ஒரே ஒருத்தன். பார்க்கணும், பேசணும். பார்த்தாச்சு, பேசியாச்சு. கணக்கு முடிஞ்சுது. அந்த ஏரியில தூங்கறவன் பன்னெண்டாவது."

கிட்டுவின் சட்டைப் பையிலிருந்து, "கிட்டு... கிட்டு..." என்று பெர்த் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பேசாமல் வண்டியை எடுத்து அந்த ஏரிக்குப் போய்விடலாம். ஆட்டோக்காரரைக் கேட்டால் வழி சொல்வார். ஷ்யாம்சுந்தர் எழுந்திருப்பான். நட்சத்திரம் சேரும், சபா சேரும், அண்ணா மனம் குளிரும். ஸஹானாவும் வருவாள், சத்தியத்தை உடைத்தது அப்பாதான் என்று வாயால் சொல்லாமல், பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு வருவாள். அந்த முகத்தை அவருக்குத் தெரியும். பத்து முறை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

இந்தப் பக்கம் பார்த்தால் டெனிஸ். யோசித்தால் தலை சுற்றியது. யோசிக்காவிட்டால், பேனட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்புதான் காதில் கேட்டது.

பையிலிருந்து போனை எடுத்தார்.

"சொல்லு கிட்டு! எந்த ஊர் பெரிய ஏரிடா அது? இடத்தைச் சொல்லு, நாங்களே அங்க வந்துடறோம்!"

கிட்டு ஐம்பத்தெட்டு வருஷமாக அண்ணாவிடம் பொய் சொன்னதில்லை. இப்போதும் முழுப் பொய் சொல்ல வரவில்லை. அண்ணாவின் சரக்கையே எடுத்துக்கொண்டார்.

"அண்ணா... அவுட்பேக்... சிக்னல்... வரலை" என்று விட்டுவிட்டுச் சொல்லி, ஏரோப்ளேன் பொம்மையை அமுக்கினார்.

டயர் மாட்டியாயிற்று. ஞானையா கை கொடுத்தார். இன்னும் சந்தேகம் தீராத கைதான். டெனிஸ், "பார்த்துப் போங்க அங்கிள்" என்றான். அதற்கு என்ன பதில் என்று எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை என்பதால் கிட்டு, "சரிப்பா, நீயும்" என்றார். வண்டி கிளம்பியதும் கனகவல்லி பூரிப்போடு சாய்ந்துகொண்டாள்.

"புஷ்பம் மாமி நம்பர் வாங்கிண்டேன்னா. டிசம்பர்ல நம்ம குடும்பத்தோட வரச் சொல்லியிருக்கா. இருபத்தஞ்சாம் தேதி விடியக்காலம் விசேஷமா இருக்குமாம். யார் கச்சேரின்னு கேட்க மறந்துட்டேன்."

கண்ணாடியில் ஸஹானா தெரிந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கனகவல்லியிடம் எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது, கேக்கில் முட்டை உண்டு என்பதை முதலில் சொல்வதா கடைசியில் சொல்வதா என்று ஒன்றும் புரியாமல் கிட்டு ஒரு முச்சந்தி வரைக்கும் ஓட்டிவிட்டார். மூன்று சாலையும் ஒன்றுபோலவே இருந்தன. மூன்றிலும் எருமை. காலையில் பார்த்த அதே ஆட்டோ அங்கே நின்றது.

"ஏம்ப்பா, செம்பாக்கத்துக்கு எப்படிப் போகணும்?"

"செம்பாக்கத்துல எங்க சார்?"

"வீட்டுக்குத்தான். ஏரிக்கரைப் பக்கம்."

ஆட்டோக்காரர் தலைத் துண்டை அவிழ்த்து உதறி, கிட்டுவை மேலும் கீழும் பார்த்தார்.

"எது சார், பெரிய ஏரியா?"